புல் ஊறிய தண்ணீர்

அந்தக் குதிரையேற்றப் பள்ளியில் எல்லாருக்கும் அவள் அக்காதான். சவாரி பழக வரும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் அக்கா, பிள்ளையைக் கூட்டிவரும் தாத்தாவுக்கும் அக்கா, சம்பளம் கொடுக்கும் மேனேஜருக்கும் அக்கா. குதிரைகளுக்குப் பேச வந்திருந்தால் அவையும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கும். கணவர் போன பிறகு குதிரை லத்தி அள்ளும் வேலைக்கு வந்தவள், இன்று லாயத்துச் சாவியையே இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கிறாள். லாயத்தில் அவள் சொன்னதுதான் சட்டம்.

அக்காவுக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. தன் கண்ணெதிரே யாரும் வயிறு காய்ந்து போனதில்லை என்பாள். தபால்காரர் வந்தால் தண்ணீரோடு எதையாவது நீட்டுவாள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு மாப்பிள்ளை இரண்டு சுற்றுப் பெருத்ததற்கு அவளுடைய ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடுதான் காரணம். காய் வேகவைத்த தண்ணீரைக்கூடக் கீழே கொட்டமாட்டாள். "அதுலதான் சத்தே இருக்கு" என்று யார் தலையிலாவது கட்டிவிடுவாள். நல்ல குணம்தான், யார் இல்லையென்றது? ஆனால் நல்ல குணம் உள்ளவர்களிடம் ஒரு தொல்லை, அவர்கள் தங்களைச் சந்தேகப்படுவதே இல்லை.

லாயத்தில் இருந்த ஐந்து குதிரைகளில் அவளுக்குச் செல்லம் பூசணி. பெயர் வைத்தது சவாரிப் பிள்ளைகள். செம்பழுப்பு நிறம், எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் உருண்டை. சேணத்தின் வாரைக் கடைசி ஓட்டையில் மாட்டுவதற்கே இரண்டு பேர் மூச்சைப் பிடிக்க வேண்டும். கொள்ளு என்றால் வாயைத் திறப்பதும் கடிவாளம் என்றால் மூடிக்கொள்வதும் எல்லாக் குதிரைக்கும் உள்ள வழக்கம்தான். பூசணி கடிவாளத்தைக் கண்டால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வான். ஆனால் பிள்ளைகளிடம் பரம சாது. பயந்த பிள்ளைக்கு முதல் சவாரி அவன் முதுகில்தான்.

குதிரைகளைப் பார்க்க வரும் டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு, பேச்சு மட்டும் கறார். ஒருநாள் பூசணியின் பிடரியை அமுக்கிப் பார்த்தார், விலாவைத் தடவி எலும்பைத் தேடினார், நெஞ்சைச் சுற்றி அளவுநாடாவைப் போட்டார். பிறகு நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

"அக்கா, இது புஷ்டி இல்ல, வியாதி. இப்படியே விட்டா குளம்புக்குள்ள வீங்கிடும். நிக்க முடியாது. அப்புறம் ஊசி போட்டு ஒரேயடியா தூங்க வைக்கிறதத் தவிர வேற வழி இருக்காது."

 டாக்டரம்மா சொல்லச் சொல்ல அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தானியம், தவிடு, பழம், இனிப்பு எதுவும் கிடையாது. காய்ந்த புல் மட்டும், அதுவும் தராசில் நிறுத்து. நிறுத்த புல்லைத் தொட்டியில் நன்றாக ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, சின்னக் கண் வைத்த வலைப்பையில் அடைத்துத் தொங்கவிட வேண்டும். அப்போதுதான் லபக்கென்று விழுங்காமல் இழுத்து இழுத்துத் தின்பான். ஏன் ஊறவைக்க வேண்டும் என்று அக்கா கேட்கவில்லை. இருமல் பிடித்த கிழட்டுக் குதிரை ஒன்றுக்குத் தூசி அடங்கட்டும் என்று அவள் ஏற்கெனவே புல்லை நனைத்துத்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள். இதுவும் தூசிக்குத்தான் என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இடுப்பிலிருந்த சாவி நழுவி விழுந்துவிடுமா என்ன? கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து அக்கா தராசும் கையுமாக நின்றாள். முள் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்தால் ஒரு பிடி புல்லைத் திரும்ப எடுத்துவிடுவாள். எடுக்கும்போது பூசணி பார்க்கிறானா என்று திரும்பிப் பார்ப்பாள். அவன் பார்த்துக்கொண்டுதான் இருப்பான். வலைப்பை காலியானதும் கதவை முன்னங்காலால் உதைப்பான். பக்கத்துக் குதிரை மெல்லும் சத்தம் கேட்டால் கழுத்தை நீட்டி அந்த வாயையே பார்த்துக்கொண்டு நிற்பான். அந்தப் பார்வையைக் கடந்து போக அக்காவுக்குக் கூச்சமாக இருந்தது. லாயத்தின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு குழாயடிக்குப் போக ஆரம்பித்தாள். வாயில்லா ஜீவனைப் பட்டினி போட்டுவிட்டு நாம் மூன்று வேளை உட்கார்ந்து தின்கிறோமே என்று அவளுக்கே அவள்மேல் வெறுப்பு வந்தது.

ஒருநாள் காலை, புல் ஊறிய தொட்டியின் அடைப்பைப் பிடுங்கப் போனவள் அப்படியே நின்றாள். தண்ணீர் பால் விடாத தேநீர் நிறத்தில் இருந்தது. வாசனை வேறு. விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள், லேசாக இனித்தது. இதையா கொட்டுவது? ஒரு வாளியில் முகந்து பூசணியின் முன்னால் வைத்தாள். அவன் மூக்கை விட்டவன் வாளியின் அடி தெரிகிறவரை தலையைத் தூக்கவில்லை. தூக்கியபோது மீசையெல்லாம் சொட்டச் சொட்ட அவள் தோளில் முகத்தைத் தேய்த்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றுதான் அக்கா லாயத்தில் சிரித்தாள்.

அதன் பிறகு தினமும் ஒரு வாளி. சில நாள் இரண்டு. புல்லில் ஒரு இழைகூட அதிகம் போடவில்லை, தண்ணீர்தானே? தண்ணீர் கொடுக்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையே. சொல்லும்படி இதில் ஒன்றுமில்லை என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் டாக்டரம்மா வருகிற நாளில் மட்டும் அந்த வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். ஏன் என்று அவளை அவளே கேட்டுக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா நாடாவைப் போட்டுப் பார்த்தார். இன்னொரு தடவை வந்தும் பார்த்தார். சுற்றளவு துளி குறையவில்லை.

"யாரோ திருட்டுத்தனமா ஏதோ குடுக்கறாங்க அக்கா."

"என்னை மீறியா?" அக்காவுக்குச் சுருக்கென்றது. "நான் கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டு பாத்துக்கறேன். யாருன்னு கையும் களவுமா பிடிச்சிக் காட்டறேன் பாருங்க."

தேடுகிறவர்களுக்கு யாராவது அகப்பட்டுத்தான் தீர்வார்கள். அகப்பட்டவர் சம்பந்தி.

சம்பந்தி என்றால் மகளின் மாமனார். காலமெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு ஓய்வுபெற்று, வீட்டில் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்த மனிதர். அக்காதான் மேனேஜரிடம் சொல்லிப் பள்ளியின் வாசல் காவலுக்குச் சேர்த்துவிட்டாள். சம்பந்திச் சண்டை இல்லாத வீடு உண்டா என்பார்கள்; இந்த இரண்டு பேருக்குள் அது இருந்ததில்லை. அவர் விசிலை ஊதிக் கார்களை ஒழுங்காக நிறுத்தவைப்பார், வெயில் ஏறினால் லாயத்தின் நிழலுக்கு வந்து நிற்பார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பிஸ்கட் பாக்கெட் இருக்கும். ஒருநாள் அவர் பூசணியின் கதவருகே நிற்பதையும், அவர் கை பையிலிருந்து வெளியே வருவதையும் அக்கா தூரத்திலிருந்து பார்த்தாள். அன்று ஒன்றும் சொல்லவில்லை. மனதில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பூசணி வெளியே வரமாட்டேன் என்றான். முன்னங்கால்களை நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னங்காலில் போட்டு, சுடுதரையில் நிற்பவன்போல நின்றான். குளம்பைத் தொட்டால் கொதித்தது. டாக்டரம்மா ஓடிவந்து பார்த்துவிட்டு, பயந்தது நடந்துவிட்டது, பிழைப்பது இனி அவன் குளம்பின் பாடு என்றார். சவாரிக்கு வந்த பிள்ளைகள், பெற்றோர், வேலைக்காரர்கள் எல்லாரும் முற்றத்தில் கூடிவிட்டார்கள். மேனேஜர் முகம் சிவந்து, யார் இதற்குத் தின்னக் கொடுத்தது என்று சத்தம் போட்டார்.

 அக்கா பேசினாள்.

"சம்பந்தியோட சட்டைப்பையப் பாருங்க. அவரு பூசணிக்குக் குடுத்தத நான் பாத்தேன்."

பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பாக்கெட்டின் பளபளத் தாள் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சம்பந்தி கையால் பையை மூடினார், பிறகு எடுத்துவிட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், பூசணி நிற்கும் நிலையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வாசலைத் தாண்டிப் போனார். ஒரு தாய் தன் பிள்ளையை அவர் வழியிலிருந்து இழுத்து நிறுத்திக்கொண்டாள். அதை அக்கா பார்த்தாள். பார்த்தும், நியாயத்தைத்தானே சொன்னோம் என்று நிமிர்ந்து நின்றாள்.

மகள் போன் செய்தாள். "ஏம்மா இப்படிப் பண்ண? மாமா தட்டு முன்னாடி வந்து உக்கார்றாரு, ரெண்டு வாய் எடுக்கறாரு, எந்திரிச்சிப் போயிடறாரு. யார் கேட்டாலும் பேச மாட்டேங்கறாரு."

"பசிச்சா தன்னால சாப்பிடுவாரு" என்றாள் அக்கா. தன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

பூசணிக்கு மருந்து நடந்தது. தரையில் மரத்தூளை மெத்தைபோலப் பரப்பி, அதில் அவனை நிறுத்தியிருந்தார்கள். வலியில் நிற்கிறவனைப் பார்த்து இரக்கப்பட்டு அக்கா வாளிகளைக் கூட்டினாள். அவன் தேறவில்லை. ஒரு மதியம் டாக்டரம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றபோது, அக்கா தொட்டியிலிருந்து முகந்துகொண்டிருந்தாள்.

"என்ன அக்கா அது?"

"புல்லு ஊறின தண்ணிம்மா. சத்தெல்லாம் இதுலதான இருக்கு? கொட்ட மனசு வரல. இவனும் ஆசையா குடிக்கறான்."

டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. வாளியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார். "புல்லுல சர்க்கரை இருக்கு அக்கா. அது தண்ணியில எறங்கணும்னுதான் ஊற வைக்கச் சொன்னேன். புல்லுலேர்ந்து எடுத்தத நீங்க வாளியில திருப்பிக் குடுத்திட்டிருந்திருக்கீங்க. எப்பலேர்ந்து?"

அக்கா பதில் சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. முற்றமும் விசிலும், பிள்ளையை இழுத்துக்கொண்ட அந்தத் தாயும் கண்முன் வந்தார்கள். குதிரை கீழே தள்ளியதோடு நில்லாமல் குழியும் பறித்ததாம் என்று சொல்வார்கள். இங்கே குதிரைமேல் ஒரு குற்றமும் இல்லை. தள்ளியதும் பறித்ததும் அக்காதான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

நேரே மேனேஜரிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னாள். வேலையை விட்டு நிறுத்துவார், நாலு பேர் முன்னால் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனாள். அவர் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார்.

"சரி விடுங்க அக்கா, தெரியாமதான பண்ணீங்க. வெளிய சொல்லிக்க வேணாம். லாயத்துல இருக்கறவங்களே இப்படின்னா பெத்தவங்க பிள்ளைங்கள அனுப்ப மாட்டாங்க. டாக்டரம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

"அப்போ சம்பந்தி...?"

"அவரும் பிஸ்கட் குடுத்தாருல்ல? பாத்தேன்னு நீங்கதான சொன்னீங்க."

பார்த்தாள்தான். இல்லையென்று சொல்ல முடியாது. அந்த ஒரு பிஸ்கட்டைப் பிடித்துக்கொண்டு அக்கா அறையை விட்டு வெளியே வந்தாள். மனசு ஆறவில்லை, ஆனால் கால் நடந்தது.

அவள் சம்பந்தி வீட்டுக்குப் போக வேண்டும் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு விடுமுறை நாள் மதியம் சம்பந்தியே அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். இளைத்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது. உட்காரச் சொன்னதும் உட்காரவில்லை.

"சம்பந்தியம்மா, ரெண்டு பிஸ்கட். ஒரே ஒரு நாள்தான். அது என்னையே பாத்துட்டு நின்னுச்சு, மனசு கேக்கல. அன்னிக்கே சொல்லியிருக்கணும், வாய் வரல. இத்தன வருஷம் பஸ் ஓட்டினேன், ஒரு கோழிக்குஞ்சு மேல ஏத்தினதில்ல. கடைசியில என்னால ஒரு உயிரு நிக்க முடியாம கெடக்கு." அவர் கைகூப்பினார். "நீங்க சேத்துவிட்ட எடத்துல உங்க பேரையும் கெடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க."

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. வாளியில் ஆரம்பித்து நாலு வாக்கியம், முடிந்துவிடும். அக்கா வாயைத் திறந்தாள்.

"பரவாயில்ல விடுங்க. தெரியாமதான பண்ணீங்க" என்றாள்.

மேனேஜர் தனக்குப் போட்ட பிச்சையை எடுத்து அப்படியே அவருக்குப் போட்டாள். அதோடு விட்டாளா? உட்காரவைத்து, அடுப்பில் சூடாக இருந்ததை எடுத்துவைத்தாள். மன்னிப்புக் கிடைத்த நிம்மதியில் அவர் சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் போட்டபோது மறுக்காமல் சாப்பிட்டார். நானே மேனேஜரிடம் பேசி உங்களைத் திரும்பச் சேர்த்துவிடுகிறேன் என்று அக்கா சொன்னதும், அவர் கண் கலங்கி, "உங்க மனசு யாருக்கும் வராது" என்றார். அவர் போன பிறகு அக்கா அந்தத் தட்டைக் கழுவிக் கழுவி, தேய்ந்துவிடும் என்கிற அளவுக்குத் தேய்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றி ஊரே கேலி பேசும். மறைத்ததை எதிராளிக்கே பரிமாறியவள் இவள் ஒருத்திதான்.

சம்பந்தி திரும்ப வேலைக்கு வந்தார். விசில் ஊதினார், ஆனால் மெதுவாக. எவ்வளவு வெயில் ஏறினாலும் லாயத்தின் நிழலுக்கு வரவில்லை. பையில் பிஸ்கட் இல்லை என்று தெரியட்டும் என்றோ என்னவோ, பையே இல்லாத சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டார். அக்காவைக் கண்டால் எழுந்து நின்றார். அந்த மரியாதையைக் கண்டாலே அவளுக்குக் கூசியது. வாசல் வழியாகப் போக வேண்டியிருந்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரிடமோ பேசுகிறவள்போல நடப்பாள். மறுமுனையில் யாரும் இருக்கமாட்டார்கள்.

இனிப்புத் தண்ணீர் நின்றதும் பூசணி மெல்லத் தேறினான். வயிறு வற்றியது, விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. லாடக்காரர் வந்து குளம்பைச் சீவிச் சரிசெய்தார். அவன் முதன்முதலாக முற்றத்துக்கு நடந்து வந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கைதட்டினார்கள். அக்காதான் கயிற்றைப் பிடித்திருந்தாள். மேனேஜர் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் பாடம் எடுக்க ஆரம்பித்தார்.

"குதிரைக்கு யாரும் எதுவும் குடுக்கக் கூடாது. ஏன்? நம்ம பூசணிக்கு என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்ல?"

"வாட்ச்மேன் தாத்தா பிஸ்கட் குடுத்தாரு!" என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள். சிலர் சிரித்துக்கொண்டே வாசல் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்கள்.

சம்பந்தி நாற்காலியிலிருந்து எழுந்தார். கையை உயர்த்தி, "ஆமா, தாத்தா பண்ணது தப்புதான். நீங்க யாரும் அப்படிப் பண்ணக் கூடாது" என்றார். பிள்ளைகளுக்காகச் சிரிக்கவும் முயன்றார்.

"அவரு இல்ல" என்றாள் அக்கா.

மேனேஜர் கண்ணைக் காட்டினார். அக்கா அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"அவரு குடுத்தது ரெண்டே ரெண்டு பிஸ்கட். அதுல ஒண்ணும் ஆகல. பூசணி கால் போனது என்னால. டாக்டரம்மா கொட்டச் சொன்ன தண்ணிய நான்தான் தெனமும் வாளி வாளியா குடிக்க வச்சேன். அதுல முழுக்கச் சர்க்கரை. எனக்குத் தெரியல, கேக்கவும் இல்ல. பழிய அவரு மேல போட்டுட்டேன்."

 ஒரு பிள்ளை "அக்காவா?" என்று தன் அம்மாவைக் கேட்டது. சம்பந்தி வாசலிலிருந்து நடந்து வந்து, இரண்டடி தள்ளி நின்றார். கோபமாக இருந்தாரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"நான் உங்க வீட்டுக்கு வந்தேனே, அன்னிக்கு இது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மேனேஜரையும் டாக்டரம்மாவையும் தவிர யாருக்கும் நாள்கணக்குத் தெரியாது. அக்கா கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். திரும்பிப் போய், உள்ளே வரக் காத்திருந்த காருக்கு விசில் ஊதி வழிகாட்டினார். விசில் பழையபடி காதைத் துளைத்தது.

சாயங்காலம் மகளிடமிருந்து போன் வந்தது. அக்கா எடுத்ததும் முதலில் கேட்டது, "மாமா சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரும்மா. நல்லாச் சாப்பிட்டாரு. ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. எத்தன நாளாச்சு தெரியுமா அவரு அப்படி உக்காந்து சாப்பிட்டு!" மகள் சற்று நிறுத்தினாள். "நடந்ததையும் சொன்னாரு."

"ம்."

"ஞாயித்துக்கெழமைகள்ல நாங்க வழக்கம்போல வரலாமாம். அவரு தடுக்கலையாம். ஆனா உங்கம்மா கையால இனி நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்னு சொல்லிட்டாரும்மா."

 

"நியாயந்தான்" என்றாள் அக்கா. மகள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அக்கா போனை வைக்கவில்லை.